க்யூரேட்டர்: திருமதி அனுபமா

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த மாதாப்பூரில் புதிதாக ஒரு கண்ணாடிக் கட்டிடம் எழும்பினால் அதன் வரவேற்பறைக்கு ஓவியம் வேண்டும். எந்த ஓவியம், எந்தச் சுவரில், எதற்குப் பக்கத்தில் எது என்று முடிவு செய்து, அதைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவருக்கு க்யூரேட்டர் என்று பெயர். அந்த வேலையை எல்லாம் செய்தவள் வேதா. பெயர் மட்டும் வேறொருத்திக்குப் போனது.

அது வேதா வேலை பார்த்த கேலரியின் முதலாளி சந்திரமோகன் கண்டுபிடித்த வழக்கம். எந்தக் கம்பெனி கண்காட்சிக்குச் செலவு செய்கிறதோ, அந்தக் கம்பெனி அதிகாரியின் மனைவி பெயர்தான் கையேட்டில் க்யூரேட்டர் என்று அச்சாகும். "நக்கோ, வேண்டாம் வேதா, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. பேர்ல என்ன இருக்கு?" என்பார். சிகந்திராபாத்தில் ஒரே தெருவில் வளர்ந்த உரிமை அவருக்கு. அப்படித்தான் மூன்று கண்காட்சிகள் அப்படியோர் அதிகாரியின் மனைவி அனுபமா பெயருக்குப் போயின.

ஹாலந்தில் கலைக்கூடமாக மாறிய ஒரு பழைய நூற்பாலை இருந்தது. வளரும் க்யூரேட்டர்களைப் பல நாடுகளிலிருந்து அழைத்து, மூன்று மாதம் தங்க வைத்து, கடைசியில் சொந்தமாக ஒரு கண்காட்சி அமைக்கச் சொல்வார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் வளரக் கூடாதாம். வேதாவுக்கு அது கடைசி வருடம். அடுத்தவர் சோபா நிறத்துக்கு ஓவியம் பார்த்துப் பார்த்தே அலுத்துப்போனவளுக்கு, இதுவும் இல்லையென்றால் இனி எதுவும் இல்லை என்று தோன்றியது.

அவள் விண்ணப்பித்த வாரமே சந்திரமோகன் வந்து நின்றார். "அனுபமா மேடமும் அதுக்குப் போடறாங்களாம். நீயே எழுதிக் குடுத்துடு."

எழுதிக் கொடுத்தாள், எச்சில் தட்டைக் கழுவி வைக்கிற மாதிரி, யோசிக்காமல். மூன்று கையேடுகளும் அனுபமாவின் விண்ணப்பத்தோடு போயின. தன்னுடையதில் 'உதவியாளர்' என்றுதான் போட முடிந்தது. எழுத்தைப் படித்தால் ஆளைத் தெரியாதா என்று நம்பினாள். சுத்த அசட்டுத்தனம்.

மே மாதம் பதில் வந்தது. தங்கள் பெயரில் கண்காட்சி எதுவும் இல்லாததால் வருந்துகிறோம் என்றிருந்தது. வேதா அன்றைக்கு லீவுகூடப் போடவில்லை.

ஜூனில் நாலாவது கண்காட்சி, அனுபமாவின் கணவர் அலுவலகத்திலேயே. வேதா கடைசி ஓவியத்தைச் சுவரில் மாட்டத் தூக்கியபோது அனுபமா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, நல்லவள். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

"வேதா, உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்க. அந்த ஹாலந்து இடம் எனக்குக் கெடச்சுதுங்க."

வேதா சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தபடியே கேட்டாள். "எப்ப கிளம்பறீங்க மேடம்?"

"எங்கீங்க போறது? மூணு மாசம் பசங்கள யாரு பாத்துக்குவாங்க? அவரு சொன்னாருன்னுதான் போட்டேன். வேண்டாம்னு மெயில் போட்டுட்டேனுங்க. யாரோ மணிலாக்காரருக்குக் குடுத்துட்டாங்களாம்."

அவள் கிளம்பிப் போயிருந்தால்கூட வேதா பொறுத்துக்கொண்டிருப்பாள். தேர்ந்தெடுத்தது வேதாவின் எழுத்தை. வேண்டாம் என்றது இன்னொருத்தி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இந்தக் கையேட்டுக்குக் கட்டுரை எப்பத் தர்றீங்க? அச்சுக்குக் கேக்கறாங்க" என்றாள் அனுபமா.

"நீங்களே எழுதிடுங்க மேடம்."

அனுபமா மனம்விட்டுச் சிரித்தாள். "போங்க வேதா, எனக்கு என்னங்க தெரியும்?"

வேதா ஓவியத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள்.

"இத மாட்டலீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் திரும்பவில்லை.