இறால்களுக்கு வைத்த வெள்ளரி

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். உண்டு என்று சொல்லத் துணிவு வரவில்லை. முறையாகத் தமிழ் படித்திருக்கிறேனே தவிர, விடுப்பு விண்ணப்பங்களுக்கு மேல் எதையும் எழுதியவள் அல்லள். இதைப் படிக்க நேரும் பெரியோர்கள் என் துணிச்சலைப் பொறுத்தருள வேண்டும். எங்கள் வீட்டு மீன்தொட்டியில் நடந்ததைச் சொல்ல வேறு எவரும் முன்வராததால்தான் நான் எழுத அமர்ந்தேன்.

பெரியண்ணன், அண்ணி, நான் ஆகிய மூவரும் ஒரே வீட்டில் வசிக்கிறோம். பெரியண்ணன் அச்சு இயந்திரங்களைப் பொருத்தும் பணியில் இருப்பவர். கூடத்துச் சுவரோரம் அவருடைய தொட்டி இருந்தது. அதில் சின்னஞ்சிறு செந்நிற இறால்களும், நத்தைகளும், கண்ணாடியில் வாய் வைத்துப் பாசி தின்னும் இரண்டு மீன்களும் இருந்தன. மற்றவர்கள் பொட்டலத் தீவனத்தைத் தூவிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெரியண்ணனுக்கு அது மனம் ஒப்பாது. பசலைக்கீரையை வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்துப் பிழிவார். பட்டாணியின் தோலை நகத்தால் உரிப்பார். வெள்ளரிக்காயைத் தோல் சீவி, விதை நீக்கி, வட்டமாக நறுக்குவார். பச்சை வெள்ளரி மிதக்குமாதலால் அதைப் பழைய எவர்சில்வர் முட்கரண்டியில் குத்தி அடியில் இறக்குவார். சற்று நேரத்தில் இறால்கள் நாலாபுறமிருந்தும் வந்து மொய்த்து, முன்கால்களால் வழித்து வழித்து வாயில் வைத்துக்கொள்ளும். கல்யாணமான நாள் முதலாகத் தமக்கு ஒரு வெங்காயம்கூட உரித்துத் தராதவர், இந்த மீசைக்காரர்களுக்கு மட்டும் பந்தி பரிமாறுகிறார் என்று அண்ணி சொல்லிக் காட்டுவார்.

சின்னண்ணன் மின்பணியாளர்; அடுத்த தெருவில் குடியிருக்கிறார். தொட்டி நீரைச் சூடாக வைத்திருக்கும் கருவியை முன்பு அவர்தான் பொருத்திக் கொடுத்தார். ஒருமுறை அது அணையாமல் எரிந்து, அப்போதிருந்த மீன்கள் அத்தனையும் வெந்துபோயின. கோளாறு கருவியிலா, இணைப்பிலா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியண்ணனும் அதை விசாரிக்கவில்லை. அண்ணியின் உறவினர்கள் கூடியிருந்த வேளையில், "உன் கை பட்டா எதுவும் விளங்காதுடா" என்று சொல்லிவிட்டார். கைத்தொழிலால் பிழைப்பவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அதன்பின் சின்னண்ணன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என்னைப் பார்க்க வந்தாலும் வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

இந்நிலையில் பெரியண்ணன் வேறோர் ஊரில் இயந்திரம் பொருத்துவதற்காகச் சில வாரங்கள் சென்று தங்க நேர்ந்தது. பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல், "சின்னவனை வந்து காய் போடச் சொல்லு. உங்க அண்ணிக்கு அதுங்களைக் கண்டாலே கூசும், உனக்கும் பயம்" என்றார். நான் பயந்த சுபாவமுடையவள் என்பது மெய்தான். ஆயினும் ஒரு துண்டு வெள்ளரியைத் தண்ணீரில் போட எனக்கும் தெரியும். ஆள் கிடைக்காமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. அறுந்ததை முடிச்சுப் போட அவர் கண்டுபிடித்த வழி அது. இந்த ஒரு பொறுப்பு ஒழுங்காக நிறைவேறிவிட்டால் இருவரும் மறுபடி ஒன்றாக அமர்ந்து சாப்பிடுவார்கள் என்று நான் நம்பினேன்.

செய்தியைச் சொன்னதும் சின்னண்ணன் உண்மையாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டையுடன் வந்தார். பெண் பார்க்கப் போகிறீரா, இறால் பார்க்க வந்தீரா என்று அண்ணி கேலி செய்தார். அவர் சிரித்துக்கொண்டே வெள்ளரியைப் பலமுறை கழுவினார். நறுக்கியதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விதை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

முட்கரண்டிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அது சாய்ந்து விழுந்தது. வெள்ளரியும் கழன்று மேலே வந்துவிட்டது. ஆகவே தம்மிடமிருந்த தடித்த மின்கம்பியின் உறையை உரித்தார். உள்ளிருந்த செம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அடியில் அகன்ற சுருள், நடுவில் தண்டு, உச்சியில் வெள்ளரியைக் கவ்விப் பிடிக்க ஒரு வளையம் என்று சின்னஞ்சிறு மேடை ஒன்றை முறுக்கி முடித்தார். கடையில் வாங்கியதுபோல் இருந்தது. நீரில் வைத்ததும் அசையாமல் நின்றது. இறால்கள் அந்தச் சுருளைப் பற்றி ஏறி வெள்ளரிக்குச் சென்றன. அண்ணியும் நானும் அருகே அமர்ந்து பார்த்தோம். "அண்ணன் வந்து பார்க்கட்டும்" என்று மட்டும் சின்னண்ணன் சொன்னார்.

முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. பிறகு இறால்கள் சில தாறுமாறாக நீந்தி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. காயில் அடித்த மருந்தாக இருக்கும் என்று சின்னண்ணன் கருதினார். வெள்ளரியை மாற்றினார். வேறு கடையில் வாங்கினார். தோலைத் தடிமனாகச் சீவினார். ஒவ்வொரு தடவையும் செம்பை எடுத்து, மங்கிப்போயிருந்த அதைப் புத்தம்புதிதாகத் தேய்த்து, புதிய துண்டைப் பொருத்தி உள்ளே வைத்தார். அவர் எவ்வளவு கவனம் எடுத்தாரோ அவ்வளவுக்குச் சாவு பெருகியது. மீன் கடைக்காரரிடம் கேட்கலாமே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கடைக்காரர் அண்ணனுக்குப் பழக்கமானவர், செய்தி உடனே போய்விடும் என்று சின்னண்ணன் மறுத்துவிட்டார். பெரியண்ணனிடம் தொலைபேசியில் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் கெஞ்சினார். அண்ணியும் ஒப்புக்கொண்டார், நானும் இணங்கினேன்.

பெரியண்ணன் திரும்பிய நாளில் சின்னண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். பெரியண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே தொட்டியருகே சென்றார். நெடுநேரம் பார்த்தார். பின்னர் சட்டைக் கையை மடக்காமலே நீருக்குள் கையை விட்டு அந்தச் செம்பு மேடையை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காய்ல மருந்து இருந்திருக்குடா," என்றார். "இந்தக் காலத்துல எந்தக் காயை நம்புறது. உன் மேல தப்பில்ல."

சின்னண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்று இருவரும் அடுத்தடுத்து அமர்ந்து உண்டார்கள். தட்டில் பரிமாறியதைப் பார்த்து, முதலில் தம்பி தின்னட்டும், மருந்து இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்று பெரியண்ணன் வேடிக்கை பேசினார். எங்களுக்குச் சிரித்து மாளவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்து ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அதை நான் கண்டும் பொருட்படுத்தவில்லை.

மனம் இலேசானதும், இறந்தவற்றுக்கு ஈடாகப் புதிய இறால்கள் வாங்கித் தர வேண்டும் என்று சின்னண்ணன் என்னை மீன் கடைக்கு அழைத்துச் சென்றார். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. அதேபோன்ற செம்பு மேடைகளை ஓய்வு நேரத்தில் முறுக்கி, ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரருக்கு அன்பளிப்பு, விருப்பமிருந்தால் விற்றுக்கொள்ளலாம் என்றார். கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"இதையா தண்ணியில வச்சீங்க? செம்பு மீனுக்குக்கூட ஆகாது. இறாலுக்கு விஷம்ங்க. உங்க அண்ணனுக்குத் தெரியுமே. அந்தத் தொட்டிக்கு ஒரு மருந்து வாங்கினாக்கூட, இதுல செம்பு இருக்கான்னு கேட்டுட்டுத்தானே வாங்குவாரு."

சின்னண்ணன் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்து நின்று, "தெரிஞ்சுதானே சொன்னே?" என்று கேட்டார்.

பெரியண்ணன் மறுக்கவில்லை. "போனது போச்சு. உக்காரு, சாப்பிட்டுப் போ" என்றார்.

"திட்டியிருக்கலாம்ல அண்ணே. திட்டினா நான் உன் தம்பி. பொய் சொல்லி சமாதானப்படுத்துறியே, நான் என்ன பக்கத்து வீட்டுக் குழந்தையா?"

"உன்னைத் திட்டினதாலதானே இத்தனை நாள் வராம இருந்தே."

"அப்போ ரோஷம் இருந்துச்சு, வரல. இப்போ எந்த முகத்தோட வர்றது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். பெரியண்ணன் வாசல்வரை எழுந்து சென்றார். அதற்குமேல் கால் எழவில்லை. அன்று வாயை அடக்காமல் கெடுத்தேன், இன்று அடக்கிக் கெடுத்தேன் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த அறையிலிருந்த என் காதிலும் விழுந்தது. நான் தூது போய்ப் பார்த்தேன். சின்னண்ணன் என்னிடம் நன்றாகவே பேசினார். அண்ணனைப் பற்றிக் கேட்டால் மட்டும் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

இழந்தவை இவை. இறால்கள் அனைத்தும்; உயிரோடு இருந்தபோது அவற்றை எவரும் எண்ணியதில்லை. நத்தைகள் அனைத்தும்; ஒன்று மட்டும் சில நாள்கள் ஓட்டுக்குள் உயிர் வைத்திருந்து, பின்பு அதுவும் இறந்தது. மீன்கள் இரண்டும் பிழைத்தன. பெரியண்ணன் அவற்றைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். தொட்டியும் போயிற்று. சென்ற மாதம் சமையலறை விளக்கு பழுதானபோது, அதைச் சரிசெய்ய வேறோர் ஆள் வந்தார்.