வீட்டுக்கும் ஒரு மாத்திரை

"நான் மாத்திரை போட்டுட்டேன்னு சொல்றேன்ல..."

"போட்டிருந்தா சமையலறை ஏன் இப்படி வெட்டி வெட்டி இழுக்குது? கதவு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க!"

"கத்தாத. தெருவுக்கே கேக்குது."

"தெரு ஏழு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கு!"

அந்த வீட்டுக்கு வலிப்பு நோய். முதலில் அது வீட்டுக்காரருக்குத்தான் இருந்தது. மரமில்லில் ரம்பம் ஓட்டுகிறவர். இரண்டு முறை வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. நின்றதும் அவர் மாத்திரையை நிறுத்தினார். போக்கிடம் தேடிய நோய் வீட்டுக்குள் புகுந்துகொண்டது. அன்றிலிருந்து அவர் வேளை தப்பினால் வீட்டுக்கு இழுக்கும். ஜன்னல்கள் கிட்டிப்போகும், குழாய் நுரை தள்ளும், ஓடுகள் மூன்று நிமிஷம் படபடக்கும். பிறகு வீடு அசந்து தூங்கிவிடும். எந்த விளக்கும் எரியாது. அக்கம்பக்கத்தார் தங்கள் பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

"எனக்குத்தான் வர்றதே இல்லையே, நான் எதுக்கு முழுங்கணும்?" என்பது அவர் வாதம். முழுங்கினால் கண் சொக்குகிறது, முதலாளிக்குத் தெரிந்தால் ரம்பத்தை விட்டு இறக்கிவிடுவார் என்பது வெளியே சொல்லாத வாதம். டம்ளரும் கையுமாகப் பின்னாலேயே அலைந்த மனைவிக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

பின்சுவர் விழுந்த அன்று அவள் சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் ஆச்சரியப்படவில்லை. வயசு கேட்டாள், எடை கேட்டாள்.

"வீட்டோட எடை எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அப்ப பெரியவங்க அளவே எழுதறேன். வேளை தவறக் கூடாது. ஆனா அக்கா, நோயை வீட்டை விட்டு விரட்டினா அது பழைய ஆள்கிட்டயே திரும்பும். யோசிச்சுக்குங்க."

அடுத்து விழப்போவது படுக்கைக்கு மேலுள்ள கூரை என்பதால் யோசனை நீளவில்லை. காலையும் மாலையும் மாத்திரையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்துச் சுவரில் பூசினாள். வீடு முகம் சுளிக்கவில்லை, 'அப்புறம் போட்டுக்கறேன்' என்று சொல்லவில்லை, நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பவுமில்லை. பத்து நாள் ஒரு ஓடு அசையவில்லை.

பதினோராம் நாள் மில்லில், ஓடுகிற ரம்பத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி, அவருடைய வலது கை தானாக இரண்டு முறை வெட்டி இழுத்தது. பலகைதான் போனது. வீட்டுக்கு வந்து, அந்தக் கையை இடது கையால் அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். அவள் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

"சாப்பிட்டுட்டுப் போட்டுக்கறேன்."

"வீடு எட்டு மணிக்கே போட்டுக்கிச்சு. நீங்க?"