தேன் பீருக்கு முகம் சுளித்தவன்

1

இந்தக் கதையில் வரும் ‘அவன்’ நான்தான். ‘நான்’ என்று எழுதினால், மனைவியை இழந்தவன் எழுதுகிறான் என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ‘அவன்’ என்றால் தாராளமாகச் சிரிக்கலாம். சிரியுங்கள்.

முதல் தொடக்கம்: பொன்னிற மாலை வெயிலில், பொன்னிற நுரை ததும்ப, அவன்—

(வேண்டாம். அது கார் நிறுத்தும் ஷெட். ஜன்னலே கிடையாது.)

2

அந்த ஷெட்டில் அவனுடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, பீர் காய்ச்சுகிறாள். கார் தெருவில் நனைகிறது. அவள் கணவர் பாட்டில் கழுவுகிறார். [மச்சினி என்றதும் கதை எங்கே போகும் என்று கணக்குப் போட்டவர்கள், பாட்டில் கழுவுகிறவரை இன்னொருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்.]

தேன் போட்டுக் காய்ச்சியது இதுதான் முதல் தடவை. மறுநாள் நாற்பது பாட்டில் கடைக்குப் போக வேண்டும். நன்றாக இல்லையென்றால் அனுப்ப மாட்டாள். ருசி பார்க்கும் வேலை எப்போதும் அக்காவுடையது. வாயால் சொல்ல மாட்டாள், முகத்தைச் சுளிப்பாள். ஒரே சுளிப்பில் இருபது லிட்டர் சாக்கடைக்குப் போயிருக்கிறது. அந்த வேலை இப்போது அவன் தலையில்.

சிக்கல் என்னவென்றால், எட்டு மாதமாக அவன் நாக்குக்கு எந்த ருசியும் தெரிவதில்லை. வைக்கோலைக் கொடுத்தாலும் “நல்லா இருக்கு” என்பான்.

3

முதல் கிளாஸைக் குடித்தான்.

“நல்லா இருக்கு. தேன் நல்லாத் தெரியுது.”

“அத்தான், அது நேத்து வச்ச டீ. சோடா ஊத்திக் குடுத்தேன்.”

பாட்டில் கழுவுகிறவர் சிரித்த சிரிப்பில் பாட்டில் கைநழுவியது. “சகலை, இந்தாங்க, கழுவுன தண்ணி. இதையும் ரெண்டு வார்த்தை பாராட்டிடுங்க.”

“ஏம்மா, இப்படியா சோதிப்ப?”

“பின்ன? எதைக் குடுத்தாலும் தலையாட்டுறீங்க. அக்கா இருந்தா மூஞ்சியிலயே சொல்லிருப்பா.”

குழாய் மட்டும் சொட்டுச் சொட்டாக—

(இந்த மாதிரி இடத்தில் எல்லாக் கதையிலும் குழாய் சொட்டும். உண்மையில் பாட்டில் கழுவுகிறவருக்கு விக்கல் எடுத்தது.)

4

அசல் கிளாஸ் வந்தது.

முடிவு அ: தேன் இனித்தது. அவன் கண் கலங்கியது. பொய். தேனின் இனிப்பையெல்லாம் ஈஸ்ட் தின்றுவிடும், வாசனையை மட்டும் விட்டுவைக்கும் என்றாள் மச்சினி.*

*இதை வைத்து உருக்கமாக ஒரு பத்தி எழுதலாம். எழுதினேன். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: ஒரு தேனீ பறந்து வந்து அவன் மூக்கில் கொட்டியது. ஜன்னல் இல்லை என்று ஏற்கெனவே சொல்லித் தொலைத்துவிட்டேன்.

நடந்தது: குடித்தான். முகம் தானாகச் சுளித்தது.

“என்ன?”

“நல்லா இல்ல.”

“என்னது?”

“கசக்குது. கடைசியில வேற ஏதோ... அட்டைப்பெட்டிய நக்குன மாதிரி.”

மச்சினி இடுப்பில் கைவைத்தாள். “எட்டு மாசமா ஒண்ணும் சொல்லல. என் பீருக்கு மட்டும் நாக்கு முளைச்சிருச்சா?”

கோபம்தான். ஆனாலும் அவன் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் கிளாஸை நிரப்பியதில் பாதி தரையில் போனது. “இன்னொரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க. நாப்பதையும் கொட்டிரவா?”

5

அனுப்புவதா, கொட்டுவதா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவனை நம்பிப் பயனில்லை. இரண்டாவது வாயையும் சுளித்தபடி விழுங்கிவிட்டு, கிளாஸை மறுபடி நீட்டுகிறான்.

“இன்னும் சரியாப் பிடிபடல. ஊத்து.”