ஒரு மெக் கண்ட்ரோல்

அக்கா கிட்டாரைப் பழைய துண்டின் மேல் மல்லாத்திப் போட்டு, கம்பிகளைத் தளர்த்தி, முகப்புத் தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தம்பி, கழன்ற திருகாணிகளை டப்பா மூடியில் வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அக்கா அங்கே பழுது பார்ப்பவள். தம்பி கார் கதவுக்குத் தகடு அடிக்கும் ஆலையில் பிரஸ் ஓட்டுபவன். ஞாயிறு மாலைகளில் ஒரு மண்டபத்தில் கிட்டார் வாசிப்பான்.

மண்டபத்தில் டியூப் லைட் எரிந்தாலே கம்பியின் அதிர்வை வாங்கும் பழைய பிக்கப் வண்டு போல இரைந்தது. இரைச்சல் போடாத புதுப் பிக்கப் வாங்கி வந்திருந்தான்.

"பிக்கப்பை மட்டும் மாத்திடு அக்கா. வால்யூம் கண்ட்ரோல் பழசே இருக்கட்டும். நல்லாத்தானே சுத்துது?"

"சுத்துறதெல்லாம் நல்லதுன்னா நீயும்தான் ஊரைச் சுத்துற. பழசு இருநூத்தம்பது கே ஓம். ஒல்லிப் பிக்கப்புக்கு அது சரி. இது தடிப் பிக்கப். இதுக்கு அதைப் போட்டா, கூரான மேல் சத்தத்தையெல்லாம் வடிச்சுக் கீழ விட்டுடும். போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கும். ஐநூறு போட்டா வடியிறது குறையும்."

பெட்டியிலிருந்து ஐநூறு கே கண்ட்ரோல்களை அள்ளி மேசையில் போட்டாள். ஒவ்வொன்றின் காலிலும் மீட்டர் முனையை வைத்துப் பார்த்தாள். ஒன்று நானூற்று முப்பது காட்டியது. இன்னொன்று நானூற்று அறுபது.

"மேல ஐநூறுன்னுதானே போட்டிருக்கு?"

"போட்டிருக்கும். உன் மாமா ஆறு மணிக்கு வரேன்னு சொல்லுவாரே, அந்த மாதிரி."

ஐநூற்று முப்பது காட்டியதை எடுத்துக்கொண்டாள். ஈயம் ஒட்டுவதற்காக அதன் முதுகை உப்புத்தாளால் தேய்த்தாள். புகை மூக்கில் ஏறாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயர்களைப் பற்ற வைத்தாள்.

கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் மண்டபத்தில் தம்பியோடு வாசிக்கும் டிரம்ஸ்காரன் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். அதே ஆலையில் பேக்கிங் பிரிவு ஆள். தம்பி வாசித்ததும் அவன் புருவம் ஏறியது.

"அட, பிளேடு மாதிரி கூரா இருக்குடா!"

"எங்க? மூடி வச்ச மாதிரி இருக்கு." தம்பி கண்ட்ரோலைக் கடைசி வரை திருகினான். "அக்கா, இதைவிடப் பெருசு என்ன இருக்கு?"

"ஒரு மெக். ஆயிரம் கே. அது காதைக் குத்தும்டா."

"போடு, பாக்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே அவள் போட்டதைக் கழற்றி ஒரு மெக்கைப் பற்ற வைத்தாள். அவன் இருப்பதிலேயே மெல்லிய கம்பியை மீட்டினான். டிரம்ஸ்காரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, தகரத்தைச் சுரண்டுறீங்களா?" என்றார்.

"இப்பதான் கொஞ்சம் தெளிவா இருக்கு" என்றான் தம்பி.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கடைச் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினாள். டிரம்ஸ்காரன் திரும்பிப் பார்த்தான். தம்பி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாவியை அவன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டினாள். அவன் துணியை மடித்து வைத்தான். தோளில் சாவி இடித்த பிறகுதான் திரும்பினான்.

இருவர் முகத்தையும் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"பொண்ணு கீச்சுக் குரல்ல கூப்பிட்டா திரும்புறதில்லைன்னு வீட்டில சண்டை" என்றான். "திமிருன்னு நினைச்சிட்டிருக்கா வீட்டுக்காரி."

"அந்த பிரஸ் சத்தத்துக்குக் காதுல வைக்க எதுவும் குடுக்கலையா உங்க ஆலையில?"

"பெட்டி பெட்டியா இருக்கு. பீரோவுல பூட்டி வச்சிருக்காங்க. வெளியாள் சுத்திப் பாக்க வரும்போது குடுத்து, போனதும் வாங்கிடுவாங்க. மத்த நாள் எண்ணெய் துடைக்கிற பஞ்சுதான்."

"வருஷா வருஷம் காது சோதனை வேற உண்டே!"

டிரம்ஸ்காரன் சொன்னான்: "சத்தம் கேட்டா கையைத் தூக்கணும். நர்ஸ் பட்டனை அமுக்கும்போது தலையைக் குனிவாங்கக்கா. அதைப் பாத்து எல்லாரும் கையைத் தூக்கிடுவோம். தூக்காம இருந்தவரு ஒருத்தரு உண்டு. வீட்டில டிவியைச் சத்தமா வச்சுக் கெடுத்துக்கிட்டாருன்னு வெளிய அனுப்பிட்டாங்க." பிறகு தம்பியிடம், "உன் விஷயத்துல டிவி கூடத் தேவையில்ல. கிட்டார் இருக்கு. செவ்வாக்கிழமை சோதனையில பேசாம கையைத் தூக்கிட்டு வந்துடு" என்றான்.

தம்பி கிட்டாரை அக்கா பக்கம் நகர்த்தினான்.

"ஐநூறையே திருப்பிப் போடு."

"உனக்குக் கேக்காதேடா."

"ஊருக்குக் கேக்கும்ல. போடு."

செவ்வாய்க்கிழமை முதலுதவி அறை வாசலில் பிரஸ் ஆட்களும் பேக்கிங் ஆட்களும் கலந்து வரிசையில் நின்றார்கள். புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே நர்ஸும் சூப்பர்வைசரும். தம்பி முறை வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டான்.

நர்ஸ் தலை குனிந்தது. கை எழவில்லை. மறுபடி குனிந்தது. அவள் அவன் முழங்காலைத் தட்டினாள். ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை விலக்கி, "தம்பி, கண்ணைத் திறந்துக்கப்பா" என்றாள்.

"காதைத்தானே சோதிக்கிறீங்க, சிஸ்டர்?"

சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கிட்டார் வாசிக்கிறவனுக்குக் காது கேக்கலையாம்! ஸ்பீக்கர் முன்னாடி நின்னு கெடுத்துக்கிட்டு இங்க வந்து நடிக்கிறியா?"

"கிட்டார் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம், சார். மத்த நாளெல்லாம் உங்க கார் கதவைத்தான் வாசிக்கிறேன்."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சூப்பர்வைசர் கழுத்து சிவந்தது.

"கையைத் தூக்கு. வெளிய பத்துப் பேர் நிக்கிறான்."

"கேட்டா தூக்குறேன். கேக்கலன்னா எழுதிக்கட்டும். எந்த இடத்துல வேலை பாத்துக் கேக்காமப் போச்சுன்னு அதையும் சேத்து எழுதட்டும்."

ஹெட்ஃபோனைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டு மறுபடி கண்ணை மூடினான். "ஏத்தும்மா, கேக்காமலா போயிடும்" என்றார் சூப்பர்வைசர். நர்ஸ் சத்தத்தை ஏற்றினாள். அவரைப் பார்த்தாள். இன்னும் ஏற்றினாள். ஹெட்ஃபோன் இடுக்கிலிருந்து ஊசி போல ஒரு கீச்சொலி கசிந்து வாசல் வரை வந்தது. கைகள் முழங்காலிலேயே இருந்தன.

டிரம்ஸ்காரன் முகத்தைச் சுளித்தான். வரிசையில் நின்ற பேக்கிங் ஆட்கள் ஒருவர் விடாமல் அறைப் பக்கம் தலையைத் திருப்பினார்கள். அவர்களுக்கு நடுவே நின்ற பிரஸ் ஆட்கள், எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து உள்ளே போக வேண்டிய பிரஸ்காரர் மட்டும் அந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டார்.