ஒட்டாது

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பட்டாணி ஓடிவந்து, வழக்கம்போல இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மகள்மீது பட்டுவிடாமல் சுவரோரமாக ஒதுங்கிக் குளியலறைக்குள் போனான். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் அவன். சட்டையில் சுவரில் பூசித் தேய்க்கும் பட்டியின் தூளும் தின்னர் வாடையும் ஒட்டியிருக்கும். அதோடு ஒருமுறை தூக்கிவிட்டால் போதும், அவளுடைய கழுத்து சிவந்து தடித்துவிடும். குளித்து, துணி மாற்றி வந்த பிறகுதான் மடி. கையைத் தூக்கிக்கொண்டு போகும் அப்பாவைப் பார்த்து, "திருடன் மாட்டிக்கிட்டான்!" என்று தினமும் கத்துவாள். அன்று கத்தவில்லை. பள்ளிக்கூட டைரியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

தோல் நோய் மற்ற பிள்ளைகளுக்குப் பரவாது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை அவள் தனியாக உட்காரட்டும் என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

பட்டாணிக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருக்கும்போதே கன்னத்தில் தொடங்கிய அரிப்பு, இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் குடியிருந்தது. அவளுக்காக வீடே மாறியிருந்தது. வாசனை சோப்பு கிடையாது. பஞ்சு பொம்மைகள் பரணுக்குப் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் நகம் வெட்ட வேண்டும். தையல் கடையில் வேலை செய்யும் அம்மா, மகளின் உள்சட்டைகளைத் தையல் வெளிப்பக்கம் வருவதுபோல் தைத்துக் கொடுத்திருந்தாள். "மத்த பிள்ளைங்களுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டா திட்டு, உனக்கு நேராப் போட்டாதான் திட்டு" என்பாள். இவ்வளவுக்கும் பிறகு, காலையில் படுக்கை விரிப்பில் சிறுசிறு ரத்தப் பொட்டுகள் இருக்கத்தான் செய்தன.

"விளையாடப் போறப்ப ரெண்டு ரெண்டு பேரா கை கோத்துக்கிட்டுப் போகணும்" என்றாள் பட்டாணி. "என் ஜோடி கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டா."

அம்மா டைரியை மூடினாள். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்களும் வாங்க."

மருத்துவர் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார். மருந்து போடும் முறையைச் சொல்லித்தர அவர்களை அடுத்த அறையில் இருந்த நர்ஸிடம் அனுப்பினார். நரைத்த கொண்டை போட்ட அந்த அம்மாள், கொண்டுவந்த மருந்தையெல்லாம் மேசைமேல் பரப்பச் சொன்னார். சிவந்த இடத்தில் போடும் களிம்பின் குழாயை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது ஒரு மாசத்துக்கு முன்னாடி குடுத்தது. இந்நேரம் தீர்ந்து அடுத்தது வாங்கியிருக்கணும். கால்வாசிகூடப் போகலையே. யாரு போட்டு விடுறீங்க?"

"இவர்தாங்க. நான் காலையில ஏழு மணிக்கே கடைக்குப் போயிடுவேன்" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் பட்டாணியின் தலையைத் தடவினான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: "இந்தக் களிம்பு ஸ்டீராய்டு, போட்டா தோல் தேஞ்சு காகிதமாட்டம் ஆயிடும்னு கூட வேலை பாக்குற ஆளு சொன்னாரு. எனக்குப் பயமா இருந்துச்சு. பேருக்குத் தொட்டு வெச்சேன். சில நாளு அதுகூட இல்ல."

நர்ஸ் திட்டவில்லை. "நிறைய பேரு இப்படித்தான் பயப்படுறாங்க. கண்டபடி வருசக்கணக்கா போட்டாதான் தொந்தரவு. நாங்க சொல்ற அளவுல, சொல்ற நாளுக்குப் போட்டா ஒண்ணும் ஆகாது. அரைகுறையாப் போட்டா நோயும் போகாது, மருந்தை நிறுத்தவும் முடியாது." அவனுடைய சுட்டுவிரலை நீட்டச் சொல்லி, நுனியிலிருந்து முதல் கோடுவரை களிம்பைப் பிதுக்கிக் காட்டினார். "இவ்வளவு போட்டா உங்க ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு வரும். வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சு பத்து நிமிசக் குளியல். தேய்க்காம ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள சிவப்புல இது, மத்த இடமெல்லாம் அந்த வெள்ளைக் க்ரீம். ஆறினப்புறமும் வெள்ளைக் க்ரீமை மட்டும் நிறுத்தாதீங்க."

விரல்மேல் கிடந்த அந்தக் களிம்பையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாளிப் பெயின்டில் தண்ணீர் கலந்து வீடு முழுக்க அடித்துத் தரச் சொல்பவர்களிடம், 'தண்ணிதான் அடிக்கணும்னா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?' என்று சண்டை போட்டிருக்கிறான். சுவருக்காகப் பேசத் தெரிந்தவன், பெற்ற பிள்ளையின் தோலில் அதே வேலையைச் செய்திருக்கிறான்.

பேருந்தில் பட்டாணி அவன் தோளில் சாய்ந்து தூங்கிய பிறகு மனைவி சொன்னாள்: "பயமா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. ரெண்டு பேரும் சேந்து பயந்திருப்போம்."

மறுநாளே, இனி அரைமணி நேரம் தாமதமாகத்தான் வருவேன் என்று மேஸ்திரியிடம் சொன்னான். அவர் முகத்தைச் சுளித்தார். "சுவரு எங்கயும் ஓடிடாதுங்க" என்றான். காலையிலும் மாலையிலும் குளியல், ஒத்தல், களிம்பு, க்ரீம். உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துச் சொரசொரத்த அவனது விரல் உரசினாலே அவளுக்கு எரிந்தது. அதனால் தன் கைகளிலும் க்ரீம் தடவிக்கொண்டு, பிறகு அவளைத் தொட்டான். "நெளியாதடி" என்பான். "நீ கூசாம போடு" என்பாள். ஒன்பதாம் நாள் காலையில் அம்மா விரிப்பை உதறி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுகூட இல்லை. விரிப்பை மடித்து வைத்தாள். வாய்விட்டுச் சொன்னால் தங்கள் கண்ணே பட்டுவிடுமோ என்ற பயம் இருவருக்கும்.

மருத்துவரின் கடிதத்தால் பட்டாணிக்கு வகுப்பில் பழைய இடம் திரும்பக் கிடைத்தது. கோத்துக்கொள்ளப் பிள்ளைகளின் கை கிடைக்கவில்லை. மூன்றாவது வாரமும் அவள் வரிசையின் கடைசியில் தனியாகவே நடக்கிறாள் என்று தெரிந்ததும், அவன் வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வகுப்பறை வாசலில் போய் நின்றான்.

ஆசிரியை சங்கடத்தோடு எழுந்து வந்தார். "நானும் சொல்லிப் பாத்துட்டேங்க. நீங்களே பிள்ளைங்ககிட்ட ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?"

சொல்வதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தான். தொண்டையைக் கனைப்பதற்குள் பட்டாணி இடத்தைவிட்டு வந்து, அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சொல்லாதப்பா. நான் சொல்றேன்."

கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முழங்கைவரை சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"இது ஒட்டாது. எங்க அம்மாவுக்கு ஒட்டல, அப்பாவுக்கு ஒட்டல. அரிக்கும். சொறிஞ்சா எரியும். மருந்து போட்டா குறையும், அப்புறம் மறுபடியும் வரும். அவ்ளோதான்."

முன்வரிசையில் ஒருவன் கேட்டான்: "பாம்பு மாதிரி தோல் உரியுமா?"

அப்பா ஓரடி முன்னால் வைத்தான். பட்டாணி யோசித்தாள்.

"உரியும். ஆனா கொத்த மாட்டேன்."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் திரும்பியபோது, காலருக்குக் கீழே புதிதாக ஒரு சிவப்புத் திட்டு தலைகாட்டியிருப்பதை அவன் பார்த்தான். அதன் அகலத்தைக் கண்ணால் அளந்தான். விரல் நுனிக் களிம்பில் பாதி போதும். இன்று சாயங்காலமே தொடங்கிவிடலாம்.

மணி அடித்தது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வெளியே வந்தார்கள். கடைசியில் வந்த பட்டாணியின் பக்கத்தில், ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள்; பிடித்தாள். உடனே உதறினாள். பட்டாணியின் கையில் க்ரீம் பிசுபிசுப்பு. உள்ளங்கையை முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு, பாவாடையில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தாள். பிறகு அந்தக் கையை மறுபடியும் நீட்டினாள்.