நேசப்படையின் இரண்டாவது குண்டு

நேசப்படை சுட்ட இரண்டாவது குண்டு வயர்லெஸ் அறையின் கூரையைத் துளைத்துக்கொண்டு வந்து, தரையிலிருந்து எட்டடி உயரத்தில், வயர்லெஸ்காரரின் தலைக்கு நேர் மேலே நின்றுவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. அரை நிமிடத்துக்கு முன் வந்த முதல் குண்டு பக்கத்துப் பதுங்குகுழியில் விழுந்து, படைச் சமையல்காரரையும் இன்னும் இருவரையும் கொன்றிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். நம் படை திசைகாட்டி வட்டத்தை 6400 பங்காகப் பிரிக்கும். நேசப்படை 6000 பங்காக. இங்கே 1600 என்றால் அங்கே 1500. சுட வேண்டிய திசையை வயர்லெஸ்காரர் மூன்று வருடமாக அவர்கள் கணக்குக்கு மாற்றித்தான் சொல்லிவந்தார். அன்று தேநீரை ஊதிக்கொண்டே ஆயிரத்து அறுநூறு என்று அப்படியே சொல்லிவிட்டார். அவர்களுடைய பீரங்கி ஆறு டிகிரி தள்ளித் திரும்பியது.

அவர் வாசல் பக்கம் கால் வைத்தால் குண்டு சீறும். திரும்பி வந்தால் அடங்கும். அறைக்குள் எங்கே நகர்ந்தாலும் கூடவே வரும். போர் முடிந்து படை கிளம்பிப் போனபோது அவரை அங்கேயே விட்டுவிட்டார்கள். தங்கை வந்து சமைத்துப் போட்டாள். வாரம் ஒருமுறை குண்டைத் துடைத்தாள்.

ஆண்டுதோறும் படை அதிகாரி ஒருவர் படிவத்தோடு வருவார். மூவரும் எதிரியின் குண்டுக்குப் பலியானார்கள் என்று அதில் அச்சாகியிருக்கும். கீழே வயர்லெஸ்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் குண்டு ஒரு சாண் இறங்கியது. ஒன்பதாவதை அவர் பாயில் படுத்தபடியே போட்டார். அதன்பின் குண்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

பத்தாவது ஆண்டு, அதிகாரி வருவதற்குச் சற்று முன் சமையல்காரரின் மனைவி வந்தாள். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பக்கத்துலதான இருந்தீங்க. கடைசியா ஏதாவது சொன்னாரா?”

“அக்கா, அது எதிரி குண்டு இல்ல. நம்ம கூட்டாளிங்க சுட்டது. எண்ணை மாத்தாம சொன்னது நான்தான்.”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “பத்து வருஷமா அந்த நாட்டுக்காரங்களுக்குச் சாபம் குடுத்துட்டு இருக்கேன். பாழாப்போன வாய்” என்றாள்.

அதிகாரி வந்தார். “சீக்கிரம் போடுப்பா. இன்னும் நாலு ஊர் பாக்கி.”

“நம்ம கூட்டாளிங்க குண்டுன்னு எழுதிக் குடுங்க சார், போடுறேன்.”

“அதுக்குப் படிவமே கிடையாதே!”

“தாளு இருக்குல்ல, குடுங்க” என்று வாங்கி சமையல்காரரின் மனைவியே எழுதினாள். வயர்லெஸ்காரர் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்ததும் தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குண்டு இறங்கவில்லை. ஏறவும் இல்லை. இதைக் கோப்பில் சேர்க்க முடியாது என்றார் அதிகாரி. எழுதியவளே தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன்பின் அதிகாரி வரவில்லை. அவள் மாதம் ஒருமுறை வருகிறாள். சில நாள் பேசுவாள், சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மழைக்காலத்தில் ஒரு கொசுவலை கொண்டுவந்து, சுவரில் ஆணி தேடினாள்.

“குண்டுலயே கட்டுங்க அக்கா, தாங்கும்” என்றாள் தங்கை.

கட்டினாள். தாங்கியது.