குளிகையில் காலியான இன்பாக்ஸ்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எங்கள் சிவகாசி தினசரிக் காலண்டர் அட்டைகளில் சிரித்துக்கொண்டிருக்கும் அத்தனை சாமிகள் மீதும், போன வருடம் விற்காமல் கட்டோடு திரும்பி வந்த அனுமார் உட்பட, ஆணையிட்டுச் சொல்கிறேன். கதை எனக்குக் கிடைத்தது நாரணாபுரம் ரோட்டு டீக்கடையில். சொன்னவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் நான் எழுத வேண்டியதாயிற்று.

முதல் வரியாக இப்படிப் போட்டேன்: "மின்னஞ்சல் பெட்டி என்பது நவீன மனிதனின் மனச்சாட்சி…" அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். எனக்கு வேண்டாம். [வந்தால் திருப்பி அனுப்பமாட்டேன்.]

அடுத்தது: "அதிகாலைப் பனியில் பலவேசம்…" சிவகாசியில் பனியா? அதையும் அடித்தாயிற்று.

2

பலவேசம், காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடிக்கிற பிரஸ் முதலாளி. அவருடைய ஈமெயில் பெட்டி நிரம்பி, புதிதாக எதுவும் உள்ளே நுழையமுடியாமல் கிடந்தது. வந்த எதையும் அவர் அழித்ததில்லை என்பதுதான் காரணம். பேங்க் அனுப்பிய பொங்கல் வாழ்த்து, மூடிப்போன பேப்பர் கம்பெனியின் விலைப்பட்டியல், எல்லாம் பத்திரம். லண்டன் லாட்டரியில் பரிசு விழுந்திருப்பதாக எழுதிய பெண்மணிக்கு, "மேடம், காலண்டர் ஏதும் தேவைப்படுமா?" என்று பதில்கூடப் போட்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாத்தூர் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் ஜெயபாண்டி போனில் வந்தார்.

"அண்ணாச்சி, மத்தாப்புப் பெட்டி டிசைன அனுப்புனா திரும்பி வருது. ஒங்க பெட்டியில எடம் இல்லையாம்ல."

"வாட்ஸ்அப்புல தட்டிவிடுங்க தம்பி."

"எங்க முதலாளிக்கு மெயில்தான் ரிக்கார்டு. அஞ்சு மணிக்குள்ள பாத்து ஓகே போட்டுருங்க. இல்லேன்னா சீசன் ஆர்டர் மொத்தமும் எதிர் பிரஸ்ஸுக்குப் போயிரும். பெறகு எம்மேல வருத்தப்படாதீக."

பலவேசம் போனை வைத்தார். இந்த ஆர்டரை நம்பித்தான் ஊரைக் கூப்பிட்டு, மாலை போட்டு, புது மெஷின் இறக்கியிருந்தார். மாலை காய்வதற்குள் மெஷின் சும்மா நின்றால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்தவன் மெஷின் நின்றபோது அப்படிச் சிரித்தவர்தான்.

3

இங்கே மருமகள் அனுப்பிரியா வருகிறாள். கம்ப்யூட்டர் படித்தவள். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. சீரியலில் வருகிற கெட்டிக்கார மருமகள் மாதிரி இருக்கிறாள். தூக்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அந்த வீட்டில் பாஸ்வேர்டு தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே அமுக்கு, மாமா."

"பொறும்மா, எமகண்டம் நடக்கு. பத்தரை தாண்டட்டும்."

தாண்டியது. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

"இது வேணாந்தான?"

"ஏ, அது திருச்செந்தூர் முருகன் படம்லா! அழிச்சா பாவம்."

"இது?"

"பேப்பர் ஏஜென்ட்டு. மனுசன் போய்ச் சேந்துட்டாரு. செத்தவுக மெயிலையா அழிப்பாக?"

"தலையில முடி வளர்ற எண்ணெய்க்கு விளம்பரம், மாமா."

பலவேசம் தன் மண்டையைத் தடவிக்கொண்டார். "இருக்கட்டும்."

மதியம் பன்னிரண்டுக்குள் ஒரே ஒரு மெயில் அழிந்திருந்தது. மச்சினன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து.

[வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை குளிகை. அந்நேரம் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. நகை வாங்கலாம், பிணம் எடுக்கக்கூடாது. இதை அச்சடித்து ஊர் ஊராக விற்பது நாங்கள்தான். விற்கிறவனே நம்பலாமா என்று கேட்பீர்கள். மிட்டாய்க் கடைக்காரருக்குச் சர்க்கரை வருவதில்லையா?]

"குளிகையில கை வச்சிராத தாயி. அழிக்க ஆரம்பிச்சா அழிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார் பலவேசம்.

அனுப்பிரியா அமுக்கினாள்.

4

பெட்டி துடைத்துவிட்ட மாதிரி ஆனது. ஜெயபாண்டி அனுப்பிய டிசைன் உடனே வந்தது. திறப்பதற்குள் தானாக அழிந்தது. மறுபடி வந்தது, மறுபடி அழிந்தது. அப்புறம் கம்ப்யூட்டரில் இருந்த ஆயுதபூஜை போட்டோக்கள் போயின. கடைசியில் மெஷின்மேன் மகேஷ்குமார் ஒரு கட்டு காலண்டர்த் தாளோடு ஓடிவந்தார்.

"மொதலாளி, அடுத்த வருசத்துல செவ்வாக்கெழமை ஒண்ணையுங் காணோம்!"

உண்மைதான். திங்களுக்கு அடுத்து வெள்ளைத் தாள், அதற்கடுத்துப் புதன்.

[அவள் எதையோ தப்பாக அமுக்கி, வருகிற மெயிலெல்லாம் அழியும்படி செய்துவிட்டாள் என்று படித்தவர்கள் விளக்குவார்கள். படித்தவர்களிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு. அவர்கள் இன்பாக்ஸும் நிறைந்துதான் கிடக்கிறது.]

"நாஞ் சொன்னனா இல்லையா?" என்றார் சாப்பிட்டுத் திரும்பியிருந்த பலவேசம்.

"குளிகைதான் முடிஞ்சிருச்சே மாமா, சரியாயிரும்."

"முடிஞ்சா என்ன? ஆரம்பிச்சது குளிகையிலல்லா!"

மூன்றிலிருந்து ராகுகாலம். ஆர்டருக்கு ஓகே போடுகிற நேரமா அது? நாலரை வரை மாமனாரும் மருமகளும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராகுகாலம் கழிந்ததும் பலவேசம் தானே எலியைப் பிடித்தார். ஜெயபாண்டி கடைசியாக ஒரு தடவை அனுப்பினார். டிசைன் திரையில் வந்து நின்றது. அது அழிவதற்குள் ஓகே போட்டாக வேண்டும். பலவேசத்தின் விரல் இறங்க…

5

முடிவு ஒன்று: விரல் முந்துகிறது. மெஷின் ஓடுகிறது. மருமகள் பால் பாயசம் வைக்கிறாள். [மளிகைக் கடை இலவசக் காலண்டரில் போடலாம்.]

முடிவு இரண்டு: மெயில் முந்துகிறது. பலவேசம் புது மெஷினைக் கட்டிக்கொண்டு… [அழுகிற முதலாளிகளை எழுத என்னிடம் மை கிடையாது.]

முடிவு மூன்று: ஓகே போய்விட்டது, ஆனால் போகிற வழியிலேயே அதுவும் அழிந்துவிட்டது. சாத்தூரில் ஜெயபாண்டி வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு…

மூன்றில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் முடிக்கப் போவதில்லை. உங்கள் பெட்டியில் திறக்காமல் கிடப்பவற்றோடு இதுவும் கிடக்கட்டும்.

6

எதிர் பிரஸ் என்னுடையது.